என் வீட்டுக்காரர் அசையாமல் இருக்கும் இடம்

1

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த மகளின் மூக்கில் வெள்ளியில் ஒரு பொட்டு மின்னியது. மூக்கின் ஓரம் சிவந்து தடித்திருந்தது. அவள் பாட்டுக்குப் பாணில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“எப்ப குத்தின?” என்றேன்.

“இன்னிக்கு. ஸ்கூல் முடிஞ்சு.”

“யாரு குத்தினது?”

“அப்பா.” பிறகு நான் கேட்காததற்கும் பதில் சொன்னாள். “வலிக்கல. அப்பா பண்ணினா வலிக்காது.”

என் மகள் நிர்மலா ஹம்பர்க் நகரத்தில் பிறந்தவள். அவளுடைய தமிழ் எங்கள் வீட்டுக்குள் மட்டும் நடமாடுகிற தமிழ். வாசலைத் தாண்டினால் ஜெர்மன்தான். ஒரு வருடமாகத் தலை பின்னிக்கொள்ளக்கூட என்னிடம் வருவதில்லை. மூக்குக் குத்திக்கொள்ளட்டுமா என்று கேட்கவும் வரவில்லை.

எனக்குக் காது குத்தியது இலங்கையில், ஹட்டன் கடைத்தெருவில், ஒரு நகைக்கடையின் பின்பக்கத்தில். தட்டார் ஊசியைக் கையில் எடுத்ததும் அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் புடவையின் வாசனைதான் எனக்கு நினைவிருக்கிறது. வலி நினைவில்லை. ஊசி ஏறுகிற நேரத்தில் பிள்ளையின் முகத்துக்கு இடம் அம்மாவின் வயிறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மகளுக்கு அந்த இடத்தில் ஒரு தோல் நாற்காலி இருந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் அது பொறாமை என்று தெரிந்தது. எனக்குப் பழக்கமான பொறாமை. மாணிக்கத்தைக் கட்டிய நாளிலிருந்து என்னோடு இருப்பது.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஒன்று கேட்கிறீர்கள். மாணிக்கம் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று. ‘கடையில்’ என்று மட்டும் பதில் எழுதிவந்திருக்கிறேன். என்ன கடை என்று எழுதியதில்லை. பச்சை குத்துகிற கடை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் பச்சை குத்திக்கொள்வது கப்பல்காரர்களும் சிறைக்குப் போய் வந்தவர்களும்தான். அதனால்தான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2

என் அப்பா வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். நாங்கள் கத்தோலிக்கர்கள், பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் இருந்தோம். மாணிக்கம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற கீழ் லயத்தில் இருந்தார். அவர்கள் வீட்டில் முருகன் படம். எழுபதுகளின் தொடக்கம் அது. அப்போது அவருக்கு இருபது வயது தாண்டியிருக்கும்.

தோட்டத்தில் அவரைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை கொடுத்தார்கள். காற்றாடியை நிறுத்த வேண்டிய நேரத்தில், ஜன்னல் வழியே கீழே வளைந்து போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மாடிக் கொழுந்து முழுக்க முறுகிப் போயிற்று. அங்கிருந்து விலக்கி மலைக்கு அனுப்பினார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது தன் வரிசையைப் பாதியில் விட்டு அடுத்தவர் வரிசைக்குள் போய்விடுவார். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் அங்கேதான் நிற்பார், பதில் மட்டும் வராது. மண்ணெண்ணெய் வாங்க ஹட்டனுக்குப் போனவர் ஒரு கிளிக்கூண்டோடு திரும்பி வந்தார், கிளி இல்லாமல்.

மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா ஒரு நாள் பள்ளிக்கூட வாசலிலேயே அவரை நிறுத்திவைத்துக் கேட்டார். “ஒனக்குக் காது கேக்கலியா, இல்ல மண்ட வேல செய்யலியாடா?”

“கேக்குதுங்கய்யா. கேட்டுக்கிட்டு இருக்கயிலயே இன்னொன்னு கேட்டுருச்சுங்க.”

வகுப்பிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூடக் கூரைத் தகரம் மாற்ற வந்தவர்களில் அவரும் இருந்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்து கோயில் பீடத்துக்கான வெள்ளைத் துணியில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தேன். ஏணியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே இருந்தவர்கள் ஆணி கேட்டுக் கத்துகிறார்கள். அவர் காதில் விழவில்லை. ஒரு முழு இதழ் நான் தைத்து முடிக்கும்வரை அந்தக் கண்கள் நகரவில்லை. எதிலும் நிற்காத கண்கள் என்று ஊரே சொன்ன கண்கள். அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அவரைத்தான் கட்டுவேன் என்றதும் அப்பா ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தார். மாணிக்கம் ஞானோபதேசம் படிக்க ஒப்புக்கொண்டார். சுவாமியார் ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது ஜன்னல் கொக்கியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருப்பாராம். “நல்ல மனுசன், அது போதும்” என்று சுவாமியார் கடைசியில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். நான் ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு ஜெர்மனிக்குப் போக கன்னியாஸ்திரிகள் ஏற்பாடு செய்திருந்தார்கள். போவதற்கு முன்னால் கல்யாணம் முடித்தோம்.

கல்யாணத்தன்று பகல் சாப்பாட்டுக்குக் கை கழுவ, வாழ்க்கையில் முதல்முறையாக என் முன்னால் சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் பச்சையாக ஒரு பெயர். வள்ளி.

“இது யாரு?” என்றேன்.

“சாமி.”

“எந்தச் சாமி?”

“முருகனோட சம்சாரம்.” தண்ணீர் ஊற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “நம்ம லயத்துலதான் இருந்திச்சு. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புற லிஸ்டுல பேர் வந்து கப்பலேறிப் போயிருச்சு.”

ஒரு பொய்யைத் தொடங்கி அதே மூச்சில் கைவிட்டார். பொய் சொல்லவும் கவனம் வேண்டும், அது அவருக்குக் கிடையாது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உட்கார வைக்க முடியாத மனிதரை ஒருத்தி உட்கார வைத்துத் தன் பெயரைக் குத்த வைத்திருக்கிறாள். அவ்வளவு நேரம். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

நான் ஹம்பர்க்குக்கு வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார். பிரஜாவுரிமைச் சான்றிதழை ஹட்டன் பஸ்ஸில் விட்டுவிட்டு, மறுபடி எடுப்பதற்கு நடையாய் நடந்தார். நடுவில் எதற்காக நடக்கிறோம் என்பதை மறந்து ஒரு மாதம் சும்மா இருந்தார் என்று அவருடைய தங்கை சரோஜா எழுதினாள்.

இங்கே வெளிநாட்டவர் அலுவலகம் ஒன்று இருக்கிறது. தங்குவதற்கான அனுமதிக்கு இலக்கம் எடுத்து, பெஞ்சில் காத்திருக்க வேண்டும். முதல் தடவை எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டபோது அவர் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மேல் மாடியில் பழுது பார்த்துக்கொண்டிருந்த மின்தூக்கியின் கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி என்னிடம், எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுமெதுவாக ஜெர்மனில் கேட்டார்.

“உங்கள் கணவர் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா?”

“சில நேரம் இருக்கிறார்” என்றேன். எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மனில் அவ்வளவுதான் சொல்ல வந்தது. அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார்.

மொழி எனக்கும் கால் வாரியிருக்கிறது. வார்டில் சேர்ந்த புதிதில் ஒரு கிழவி வீட்டுக்குப் போகும் நாளில் என் கையில் ஒரு சொக்லேட் பெட்டியைத் திணித்து, “சின்னதாக ஒரு அவுஃப்மெர்க்ஸாம்கைட்” என்றாள். அந்தச் சொல்லுக்குக் கவனம் என்று அர்த்தம் என்றுதான் படித்திருந்தேன். என் கவனம் சின்னது, போதாது என்று குறை சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நினைத்துத் துணி அறையில் நின்று அழுதேன். பிறகுதான் மற்றத் தாதிமார் சொன்னார்கள், இங்கே அன்பளிப்பையும் அந்தச் சொல்லால்தான் சொல்லுவார்கள் என்று. சாயங்காலம் சிரிப்புக்காக அதை மாணிக்கத்திடம் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே எழுந்து போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, போயிற்று. ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது, அதுவும் போயிற்று. யாரும் அவரைத் திட்டி அனுப்பவில்லை. எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அடுப்பை அணைக்கச் சொன்னால் வாசலைத் திறந்துவைத்துவிட்டு வருகிற ஆளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பிள்ளை பிறந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிப்போனவர் ஒரு முறை தள்ளுவண்டி இல்லாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையை மறக்கவில்லையே என்று நான் கும்பிட்டேன்.

அதன் பிறகு என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு நாள் ஒரு தாய், ஒரு இடத்தில் நிற்காத தன் பையனைக் கூட்டி வந்திருந்தாள். டாக்டர் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னது காதில் ஏறுகிறதா? தொடங்கியதை முடிக்கிறானா? பொருள்களைத் தொலைக்கிறானா? பிடித்த ஒன்று கிடைத்தால் மட்டும் உலகத்தை மறந்து அதிலேயே கிடக்கிறானா? அந்தத் தாய் ஆமாம் என்று தலையாட்டும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்ற நானும் என்னை அறியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பின் டாக்டரிடம் கேட்டேன்.

“இது பெரியவர்களுக்கும் இருக்குமா?”

“இல்லை சிஸ்டர். வளர வளரப் போய்விடும்” என்றார் டாக்டர். நல்ல டாக்டர்தான். டாக்டர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் வீட்டுக்கு வந்தேன். வளர்ந்து முடிந்த மனிதர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, எங்கள் வானொலியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பரப்பிவைத்திருந்தார். பக்கத்தில் அடுப்பில் சோறு கருகிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் கிடையாது என்று புரிந்தது. அவர் கையிலிருந்த பெயர்தான் இருந்தது.

4

அந்தப் பெயரை மூடச் சொல்லி நான்தான் அவரை அந்தக் கடைக்கு அனுப்பினேன்.

பச்சையைச் சுரண்டி எடுக்கலாமா என்று முதலில் ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். தோலை வெட்டித் தைக்க வேண்டும், பெரிய தழும்பு நிற்கும் என்றார்கள். அதன் மேலேயே இன்னொரு படத்தைக் குத்தி மறைக்கலாம் என்று ஒரு நோயாளி, பழைய கப்பல்காரர், சொன்னார். கடையையும் அவர்தான் சொன்னார்.

காலையில் போனவர் வரவில்லை. பகலுக்கு மேல் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தேடிப் போனேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். குர்ட் என்ற ஒரு கிழவர் ஒரு மாலுமியின் முதுகில் கப்பல் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியில் மாணிக்கம். கைகள் முழங்காலில். வாய் லேசாகத் திறந்திருந்தது. இயந்திரம் தேனீ போல் இரைந்தது. பிள்ளை கண்ணாடியைத் தட்டி “அப்பா, அப்பா” என்றது. அவர் திரும்பவில்லை. பூசைக்குப் போனால் மூன்று முறை எழுந்து வெளியே போகிறவர். என் தகப்பனார் இறந்த செய்தியை நான் சொன்னபோதுகூட, கையிலிருந்த சாவியை உருட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் கிழவர் ஊசியைத் தூக்கினால் இவர் கண்ணும் உயர்ந்தது. இறக்கினால் இறங்கியது.

நான் உள்ளே போய்த் தோளைத் தொட்டேன்.

“என்னங்க, மூடலியா?”

“எதை?” என்றார்.

பெயர் அப்படியே இருந்தது. கையால் குத்திய இவ்வளவு நல்ல எழுத்தை நான் கெடுக்கமாட்டேன் என்று குர்ட் சொல்லிவிட்டாராம். எந்த மொழி, என்ன அர்த்தம் என்றும் கேட்டிருக்கிறார். சாமி பெயர் என்று சொல்லிவைத்திருந்தார் மாணிக்கம். இந்த முறை அந்தப் பொய் நிலைத்துவிட்டது.

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். முதலில் கடையைக் கூட்டினார், ஊசிகளைக் கொதிக்கவைத்துக் கழுவினார். அடுப்பை அணைக்க மறக்கிறவர் அந்த ஊசிகளில் ஒன்றைக்கூட மறக்கவில்லை. இறைச்சிக் கடையில் பன்றித் தோல் வாங்கி வந்து பழகினார். எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் பாலுக்குப் பக்கத்தில் நங்கூரமும் ரோஜாப்பூவும் குத்திய தோல் சுருண்டு கிடக்கும். பிறகு தன் தொடையிலேயே குத்திப் பழகினார். ஒரு வருடத்தில் குர்ட் அவரிடம் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே. வேலை நிலைத்தது. குர்ட்டின் கை நடுங்கத் தொடங்கியபோது ஆட்கள் மாணிக்கத்தையே தேடி வந்தார்கள். அடுத்த வீட்டுக்காரி, “உங்கள் கணவருக்கு என்ன பொறுமை” என்றாள். நான் கதவை மூடிவிட்டு நின்றேன். முன்பின் தெரியாத மாலுமியின் தோளுக்குக் கிடைக்கிற பொறுமை. சிறையிலிருந்து வந்தவனின் மார்புக்குக் கிடைக்கிற கண். எனக்கு அவை கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு மழை நாளில் கிடைத்தன.

நிர்மலா பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போகப் பழகினாள். மூலையில் உட்கார்ந்து படம் வரைவாள். இருவரும் ஜெர்மனில் பேசிச் சிரித்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கடைக்கு வேண்டிய சொற்கள் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அந்தச் சொற்களுக்கு இடமில்லை. வாசலில் நான் நின்றால் மகள் விரலை உதட்டில் வைத்து, “அம்மா, கூப்பிடாத. அப்பா வேலையில இருக்காரு” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் முடியவில்லை. “ஒன்னு அந்தக் கட, இல்லாட்டி நாங்க. யோசிச்சுச் சொல்லுங்க” என்றேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. “யோசிச்சிட்டு வாறேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டுவதற்குள் வந்தார், துறைமுகச் சந்தையில் வாங்கிய நெத்தலி மீனோடு. “ஒனக்குப் பிடிக்குமே” என்றார். யோசிக்கப் போனதே நினைவில்லை. நான் மீனைக் கழுவினேன். வேறு என்ன செய்ய? வீட்டை விட்டுப் போகிற கோபம் எல்லாம் அந்த மீனோடு சட்டியில் போயிற்று. பொறாமை மட்டும் போகவில்லை.

5

போன வருடம் என் தம்பியின் கல்யாணத்துக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். வட்டவளையில் சரோஜா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“வள்ளிய நுவரெலியா மார்க்கட்ல பாத்தேன் மதினி. மரக்கறிக் கட போட்டிருக்கு.”

“எந்த வள்ளி? கப்பல்ல போயிட்டதாச் சொன்னாரே உங்கண்ணன்.”

“அது போகவே இல்லியே. அண்ணன்கிட்ட அப்பவே சொன்னோம். அது எங்க காதுல வாங்குச்சு?”

மறுநாள் ஹட்டனில் பஸ் ஏறினேன். தலவாக்கலை தாண்டிக் குளிர் ஏறியது. வழி முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அவளைப் பார்த்து என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. அவள் கையைப் பார்க்க வேண்டும். அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் தெரிந்தது.

எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்து, திரும்பக் கட்டிய கடைகளின் வரிசையில் அவளுடையது கடைசி. லீக்ஸ், கரட், கோவா என்று மலைநாட்டு மரக்கறிகள். தடித்த கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை. ஒரு சிங்கள அம்மாவுக்கு விலை சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். அழகி என்றோ அழகில்லாதவள் என்றோ சொல்ல முடியவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்க வட்டவள வாத்தியார் மகதானே” என்றாள். “ஜெர்மனியில இருக்கிறதாச் சொன்னாங்க. உக்காருங்கக்கா.” ஒரு கரட் மூட்டையை இழுத்துப் போட்டாள். “அவரு நல்லா இருக்காரா?”

“இருக்காரு.”

“இன்னும் அப்பிடித்தானா? இங்க நிக்கச் சொன்னா அங்க நிக்கிறது?”

பஸ்ஸில் பேசிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. “அவரு கையில உங்க பேரு இருக்கு” என்றேன்.

“இன்னும் மங்கலியா? ஆழமாத்தான் குத்துச்சு அந்தக் குறத்திப் பொம்பள.”

“உங்க கையில?”

அவள் கடைக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே ஒரு மனிதர் கோவா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒளிக்க ஒன்றுமில்லை என்பது போல் கம்பளிக் கையை முழங்கை வரைக்கும் ஏற்றினாள். மாரிமுத்து என்று இருந்தது. முதல் எழுத்து மட்டும் பழசு, மங்கலான பச்சை. மற்றவை கருப்பாக, வேறு கையால் குத்தியவை.

“எங்க பேரு இந்தியாவுக்கு வந்திருந்திச்சு” என்றாள். “போயிருவேன்னு மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த குறத்திக்கிட்ட ரெண்டு பேரும் போனோம். அழியாத காப்பிப் பென்சில்ல எழுத்த அவருதான் எழுதுனாரு. மொதல்ல அவரு கையில. ஒரு சாயங்காலம் பூரா அசையல அக்கா. எங்கிட்டப் பேசுறப்போ கண்ணு எட்டு ஊருக்குப் போயிட்டு வரும். அன்னைக்கி அசையல. என் பேருக்காகத்தான்னு எனக்கு அழுகையே வந்திருச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என் கையி. ‘மா’ குத்தி முடியல, கோயில்ல தப்பு மேளச் சத்தம் கேட்டுச்சு. ‘இந்தா வந்திர்றேன்’னு எந்திரிச்சுப் போனாரு. வரல. நான் கைய நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். குறத்தியே சொல்லிருச்சு, ‘எந்திரிச்சுப் போ ஆத்தா’ன்னு.” அவள் சட்டைக் கையை இறக்கினாள். “பொறகு யோசிச்சுப் பாத்தேன். அவரு எம் பேர எங்க பாத்தாரு? ஊசியத்தான் பாத்தாரு.”

“கப்பலுக்குப் போகலியா?”

“இவரக் கட்டிக்கிட்டேன், இவருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கெடச்சிருந்திச்சு. மாப்ள பேரு மாரிமுத்துன்னதும் எங்கம்மா சொன்னாங்க, குத்துன எழுத்து வீணாப் போகலன்னு.”

அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் போட்டுக் கொடுத்தாள்.

நியாயமாக நான் நிம்மதியோடு பஸ் ஏறியிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் நான் பயந்த பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு ‘மா’. ஆனால் பஸ் நகர்ந்ததும் எனக்கு வேறொன்று தோன்றிவிட்டது. ஏணியில் பாதியில் நின்றவர் பார்த்தது என்னையா, பூத்தையல் போட்டுக்கொண்டிருந்த ஊசியையா? அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவரைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் ஒரு பெருமையைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதையும் அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்து, அவரை விட்டுவிட்டு, நிம்மதியாகக் கரட் விற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் அவர் பெயர் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவளால் முடிந்தது என்னால் முடியவில்லை.

ஹம்பர்க்குக்குத் திரும்பியதும் அவரிடம் வள்ளியைப் பார்த்ததைச் சொன்னேன். “அப்பிடியா” என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். “கப்பல்ல போகலியா அது?” அவ்வளவுதான். பிறகு பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

6

மகள் மூக்குக் குத்திக்கொண்டு வந்த வாரம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. கேட்டுவிடுவது என்று கடைக்குப் போனேன். என் பிள்ளைக்கு என்னைக் கேட்காமல் எப்படிக் குத்தலாம் என்று. நிர்மலா வழக்கம்போல மூலையில் வரைந்துகொண்டிருந்தாள். குர்ட் அடுப்புக்குப் பக்கத்தில் நடுங்குகிற கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாணிக்கம் ஆளில்லாத நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவதான் கேட்டா” என்றார். “ஒங்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். கேக்க மறந்துட்டேன். கோவமா?”

கோபமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் மை போத்தல்களை அடுக்கத் தொடங்கினார். நான் கோட்டைக் கழற்றினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினேன்.

“குத்துங்க” என்றேன்.

அவர் திரும்பினார். “என்னத்த?”

“ஏதாவது.”

“பேரா?”

“பேரு வேணாம்.”

மூலையில் பென்சில் நின்றது. “அம்மா, உனக்கு வார்டுல அரைக்கைச் சட்டை. எல்லாருக்கும் தெரியும்” என்றாள் நிர்மலா. அது எனக்குத் தெரியாததா? தலைமைத் தாதி கூப்பிட்டு விசாரிப்பாள். நோயாளிகள் கையை இழுத்துக்கொள்வார்கள். ஊரில் இறந்துபோன வாத்தியார் மகள் என்று ஒரு பெயர் இருக்கிறது. கையை நீட்டியே வைத்திருந்தேன்.

மாணிக்கம் என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் தோலை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். என்ன வரையலாம் என்று கேட்கவில்லை. பேனையை எடுத்து ஒரே இழுப்பில் ஒரு வாலாட்டிக் குருவியை வரைந்தார். மழை விட்டதும் பள்ளிக்கூடத்துக் கல்படியில் ஓடுமே, அந்தச் சின்னக் குருவி. வாலைத் தூக்கி, அடுத்த நொடி பறந்துவிடும் போல் இருந்தது. பிறகு இயந்திரத்தை எடுத்தார்.

வலித்தது. மகள் சொன்னது போல் இல்லை. எலும்புக்குப் பக்கத்தில் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் நான் ஊசியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். தொலைபேசி அடித்தது. அவர் காதில் விழவில்லை. ஒரு ஆள் கதவைத் திறந்து ஏதோ கேட்டான். குர்ட் அவனைக் கையால் போகச் சொன்னார். தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனது. ஊரில் இருந்த காலத்தில் ரயில் கூவினால் சோற்றை விட்டு எழுந்து ஓடிய மனிதர், இமைக்கக்கூட இல்லை. அவர் மூச்சு என் கை மேல் பட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், என்னோடு அவர் இருந்ததில்லை.

“என்னங்க” என்று மெல்லக் கூப்பிட்டேன்.

நரைத்துவரும் உச்சந்தலை குனிந்தே இருந்தது. என் முழங்கைக்குக் கீழே இரண்டு அங்குலத் தோல் மட்டும்தான் அவருக்கு இந்த உலகத்தில் இருந்தது. நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்ட அத்தனையும் அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

என் கையின் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனாலும் கையை அசைக்கவில்லை.